பாறை குடித்த தண்ணீர்

அருவியின் அடியில் நின்றுகொண்டு, தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். பாசி படர்ந்த பாறைமேல் பல சரங்களாக இறங்கிவருகிறது அருவி. கீழே ஒரு சின்னக் குளம். சாய்ந்த மரங்கள் அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. நீர் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் குளம் நிறைவதும் இல்லை, வழிவதும் இல்லை. கரையைச் சுற்றிவந்து பார்த்தேன். ஓடை எதுவும் புறப்படவில்லை. சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். தண்ணீர் தேங்குகிற இடத்துக்கு ஒரு மடை இருக்கும், மிஞ்சினால் கலுங்கு இருக்கும். இங்கே இரண்டும் இல்லை.

"அடியில போகுது சித்தி. இந்தப் பாறை முழுக்க ஓட்டைதான். குடிச்சிரும்" என்றாள் அக்கா மகள்.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரில், த்ரீ சிஸ்டர்ஸ் காட்டுப் பகுதியில் இருக்கிறது இந்த மேல் ப்ராக்ஸி அருவி. 1964ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மலைக்காட்டை மனிதன் கைவைக்காத நிலமாகவே விட்டுவைத்திருக்கிறது. 2 லட்சத்து 80 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. உள்ளே சாலை கிடையாது, வண்டி கிடையாது. சைக்கிள்கூடக் கூடாது. நடந்து போகலாம், குதிரையில் போகலாம், அவ்வளவுதான்.

27 ஆண்டுகள் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தேன். எரிமலை என்றால் கரும்பலகையில் ஒரு முக்கோணம், நடுவில் ஒரு குழாய், உச்சியில் சிவப்புச் சாக்பீஸால் நாலு கோடு. பனியாறு என்றால் வேறொரு பாடம், வேறொரு படம். நான் இரண்டையுமே நேரில் பார்த்ததில்லை. அவை ஒரே மலையில், ஒன்றை ஒன்று அறுத்தும் அடைத்தும் கிடக்கும் என்பது என் வகுப்பில் யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு ஆகஸ்டில், அக்கா மகளிடம் வந்து சேர்ந்ததும் முதலில் கேட்டது இந்த மலைகளைத்தான். வெயிற்காலத்தில் இங்கே பல பாதைகளுக்கு முன்பதிவு வேண்டும். அவள் மாதக்கணக்கில் முயன்று ஒரு நாளுக்கு இருவருக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தாள்.

ப்ராக்ஸியிலிருந்து சாலை வளைந்து வளைந்து மெக்கென்ஸி கணவாய்க்கு ஏறுகிறது. 5,325 அடி உயரம். பனிக்காலம் முழுக்க மூடிக்கிடக்கும் சாலை. ஏறும்வரை இருபுறமும் அடர்ந்த ஊசியிலைக் காடு. ஒரு திருப்பத்தில் காடு சட்டென்று அறுந்துவிட்டது. உழுதுபோட்ட கரிசல் காடு அப்படியே கல்லாகிப்போனால் எப்படி இருக்கும்? கண் போகிற தூரம்வரை கருப்புக் கட்டிகள், ஆளுயரத்துக்குப் புரண்டு கிடக்கின்றன. இடையிடையே குட்டையாய் முறுக்கிக்கொண்ட ஒன்றிரண்டு மரம். 65 சதுர மைலுக்கு இந்தக் குழம்புப் பாறைதான். பூமியின் கணக்கில் நேற்று நடந்தது போன்றது இது. சுற்றியுள்ள பெல்க்னாப், யாப்போவா போன்ற எரிமலை வாய்கள் உமிழ்ந்து 3,000 ஆண்டுகள்கூட ஆகவில்லை.

குனிந்து ஒரு கட்டியைத் தொட்டேன். கொல்லன் உலையில் கிடக்கும் சிட்டத்தைப் போல, உள்ளே முழுக்கத் துளைகள். காற்றுக்குமிழ் தப்பி ஓடிய தடங்கள். கட்டிகளுக்கு நடுவே கைபோகிற அளவுக்குப் பிளவுகள். குளிர்காலத்தில் இங்கே பல அடி உயரத்துக்குப் பனி விழுகிறது. உருகும்போது ஒரு சொட்டுகூட மேலே ஓடுவதில்லை என்றாள் மகள். நான் நம்பினேன். இத்தனை பெரிய கல்வெளியில் ஓர் ஓடையின் தடம்கூட இல்லை.

கணவாயின் உச்சியில் அந்தக் கல்லையே அடுக்கிக் கட்டிய ஒரு கூண்டு நிற்கிறது. பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்த திட்டத்தில் 1935இல் கட்டி முடித்தது. அவர்களை வேலைவாங்கிய டீ ரைட் என்ற மேற்பார்வையாளரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சுவரில் சிறு சிறு துவாரங்கள். ஒவ்வொன்றின் வழியே பார்த்தாலும் ஒரு மலை மட்டும் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். பார்வையைக் குறுக்கினால் மலை பெரிதாகிறது என்று தெரிந்த கைகள்.

இந்தக் கல்வெளியின் குறுக்கே வண்டிப்பாதை போட்டவர் ஜான் கிரெய்க். 1877 டிசம்பரில் கிறிஸ்துமஸ் தபால் மூட்டையோடு இதே கணவாயைக் கடக்கப் புறப்பட்டுக் குளிரில் உறைந்து இறந்தார். நிலவுக்குப் போகவிருந்தவர்களை 1960களில் விண்வெளி உடையோடு இந்தக் கற்களின் மேல் நடக்கவைத்துப் பழக்கினார்கள். பிறகு 1971இல் அப்போலோ 15இல் சென்ற ஜேம்ஸ் இர்வின், இந்த வட்டாரத்து எரிமலைக் கல்லின் சில்லு ஒன்றை நிலவிலேயே வைத்துவிட்டு வந்தார்.

துவாரம் ஒன்றில் வடக்குச் சகோதரியும் நடுச் சகோதரியும் தெரிந்தார்கள். 1840களில் வந்த மெத்தடிஸ்ட் மிஷனரிகள் வடக்கிலிருந்து தெற்காக இந்த மூன்று சிகரங்களுக்கும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பெயர் வைத்தார்களாம். வடக்கு, 10,085 அடி. மூவரில் மூத்தவள். அடங்கி 45,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதன் பிறகு பனி அவளைச் செதுக்கிக்கொண்டே இருந்ததில் எலும்பும் விலாவுமாகக் கரடுமுரடாக நிற்கிறாள். நடு, 10,047 அடி. இருவருக்கும் இடையில் வெள்ளையாய் ஒரு நாக்கு. அதுதான் காலியர் பனியாறு.

அந்த நாக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். அதன் கீழ்முனைக்கு எதிரே காலியர் கூம்பு என்ற சிவந்த குவியல் இருக்கிறது. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் கங்கும் சிட்டமும் தெறித்துக் குவிந்தது. பழைய படங்களில் பனியாறு வந்து இந்தக் கூம்பின் மேல் முட்டிக்கொண்டு நிற்கிறது. நெருப்பு போட்ட மேட்டில் பனி மார்பை அழுத்திக்கொண்டு நிற்பது போல. 20ஆம் நூற்றாண்டில் பனி பின்வாங்கத் தொடங்கியது. விட்டுப்போன பள்ளத்தில் ஓர் ஏரி தேங்கியது. 1942 ஜூலையில் அது கரையை உடைத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் பாய்ந்தது. ஒரு காலத்தில் ஒரேகானிலேயே பெரிய பனியாறாக இருந்த காலியர், இன்று கூம்பிலிருந்து ஒரு மைலுக்கு அந்தப்பக்கம் சுருங்கிக் கிடக்கிறது. பாடத்தில் 'பனியாறுகள் பின்வாங்குகின்றன' என்ற ஒரு வரியை ஆண்டுதோறும் வாசித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருக்கிறேன். கல் துவாரத்தில் கண்ணை வைத்தபடி அந்தக் கூம்புக்கும் பனிக்கும் இடையே உள்ள வெறும் சாம்பல்நிறத் தரையைப் பார்த்தபோது, அந்த வரியை எத்தனை வேகமாகக் கடந்திருக்கிறேன் என்று உறைத்தது.

சிஸ்டர்ஸ் என்றே பெயருள்ள சிற்றூரில் இரவு தங்கினோம். அனுமதி மறுநாளைக்கு, தெற்குச் சகோதரிக்கு. 10,358 அடி, ஒரேகானின் மூன்றாவது உயர்ந்த சிகரம். டெவில்ஸ் ஏரியில் விடியுமுன் புறப்பட்டோம். அங்கிருந்து உச்சிக்கு ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 4,900 அடி. கயிறோ பனிக்கோடரியோ வேண்டியதில்லை, கோடையில் பாதை இருக்கிறது. முழங்காலும் பொறுமையும் வேண்டும்.

முதல் ஒன்றரை மைல் ஹெம்லாக் மரங்களுக்குள் செங்குத்தாக ஏறுகிறது. தலைவிளக்கின் வட்டத்துக்குள் மகளின் காலணி மட்டும் தெரிந்தது. காடு முடிந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. மரமே இல்லாத அகன்ற வெளி. நேர் எதிரே, மறைப்பு எதுவும் இல்லாமல், தெற்குச் சகோதரி. அடி சாம்பல், மேலே செம்மை, இடுக்குகளில் வெள்ளை. இப்படி ஒரு மலை எதிரே வந்து நின்றால் பேசத் தோன்றாது. மகளும் பேசவில்லை.

இடப்பக்கம் மேற்கே ராக் மேசா. 2,000 ஆண்டுகளுக்கு முன் இந்த மலை கடைசியாகக் கக்கியது. அது கணவாயில் பார்த்த கருங்குழம்பு அல்ல. மாவு பிசைந்தது போலக் கெட்டியான, சிலிக்கா மிகுந்த குழம்பு. ஓடமுடியாமல் வாயருகிலேயே குவிந்து, சாம்பல்நிறக் கோட்டைபோல நிற்கிறது. குளிக்கும்போது குதிகால் தேய்க்கிறோமே, அந்த பியூமிஸ் கல் இதில் ஏராளம். 1960களில் ஒரு நிறுவனம் அதை வெட்டியெடுக்க உரிமை கேட்டு நின்றது. காட்டுப் பகுதியாக அறிவித்த பிறகும் அந்தச் சுரங்க உரிமை சட்டப்படி உயிரோடு இருந்ததால் வழக்கும் வாதமும் நீண்டது. கடைசியில் அரசே பணம் கொடுத்து உரிமையை மீட்டது. குதிகால் தேய்க்கவா இந்த மலை என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

"அந்தப் பக்கந்தான் சித்தி, தரை உப்புது" என்று மேற்கே கை காட்டினாள்.

தெற்குச் சகோதரிக்கு மேற்கே சுமார் 5 கிலோமீட்டரில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலத்துக்குத் தரை மெல்ல உயர்ந்துகொண்டிருப்பதைச் செயற்கைக்கோள் ரேடார் படங்களை ஒப்பிட்டு 2001இல் கண்டுபிடித்தார்கள். 1990களின் பிற்பகுதியில் தொடங்கியிருக்கிறது. வேகமாக உயர்ந்த காலத்திலும் ஆண்டுக்கு ஓர் அங்குலம்தான். பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு புதிதாக வந்து சேர்கிறது என்று கணித்தார்கள். 2004 மார்ச்சில் சில நாட்களுக்குள் சுமார் 300 சிறு நிலநடுக்கங்கள். பிறகு வேகம் குறைந்தது. 2020க்குப் பிறகு மறுபடி கொஞ்சம் கூடியது. நான் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். அங்கே காடுதான் தெரிந்தது. பசுமை அசையாமல் கிடந்தது. பசிபிக் கடலடியிலிருந்து ஹுவான் டி ஃபூக்கா தட்டு இந்தக் கண்டத்துக்கு அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. அது நுழைந்துகொண்டிருக்கும்வரை இந்த மலைகளுக்கு ஓய்வு இல்லை. 'செயல்படும் எரிமலை', 'உறங்கும் எரிமலை', 'அணைந்த எரிமலை' என்று மூன்று கட்டம் போட்டு மாணவர்களை மனப்பாடம் செய்யவைத்தேன். இந்த மலையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அணைந்தது என்றால் என்ன என்பதற்குப் பதில் வலப்பக்கம் இருந்தது. ப்ரோக்கன் டாப், 'உடைந்த உச்சி'. பெயருக்கேற்ற மலை. நெருப்பு ஓய்ந்து ஒரு லட்சம் ஆண்டுகள் அளவில் ஆகிறது. பனியாறுகள் அதன் வயிற்றைக் கிழித்துவிட்டன. ஏற ஏற அதன் உட்புறம் விரிந்துகொண்டே வந்தது. சிவப்பு, கருப்பு, காவி, மஞ்சள் என்று அடுக்கடுக்காய்க் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு வெடிப்பு. கரும்பலகையில் நான் எத்தனையோ முறை வரைந்த வெட்டுமுகப் படம் அது. பனி அதை வரைந்து முடிக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருக்கிறது. நெருப்பு எப்படி மலை கட்டியது என்பதைப் பனி அறுத்துக் காட்டுகிறது. நடக்கிறதை விட்டுவிட்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன். மகள் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினாள்.

9,000 அடிக்கு அருகில் லூயிஸ் பனியாற்றின் முனை. அதன் அடியில் பச்சையும் நீலமும் கலந்த பாலைப்போல ஒரு சின்ன ஏரி. பனி பாறையை அரைத்த மாவு நீரில் மிதப்பதால் வரும் நிறம். ஏரியைச் சுற்றிப் பனி தள்ளிக் குவித்த கல்மேடு. மொரைன் என்று பாடத்தில் சொன்னோமே, அது. பனியாறு முன்பு எங்கே நின்றது என்பதற்கு எல்லைக்கல். அந்த எல்லைக்கும் இன்றைய பனிக்கும் இடையே நல்ல தூரம் விழுந்திருந்தது.

அதற்குமேல் சிவந்த சிட்டச் சரிவு. இரண்டு அடி வைத்தால் ஓர் அடி சறுக்கும். மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவிலேயே நின்றது. முப்பது எட்டு, நிற்பது, முப்பது எட்டு. இறங்கி வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"அவசரமே இல்ல சித்தி. மெதுவா வாங்க."

பிற்பகலுக்குச் சற்று முன்பு விளிம்பை எட்டினோம். உச்சி கூர்முனை அல்ல, அகன்ற கிண்ணம். கிண்ணம் நிறையப் பனி. அதன் ஓரத்தில் வெயில் உருக்கிய நீர் ஒரு கண்ணளவுக்குத் தேங்கியிருக்கிறது. கண்ணீர்த்துளிக் குளம் என்கிறார்கள். ஒரேகானின் மிக உயர்ந்த ஏரி இதுதான். நெருப்பின் வாய்க்குள் நீர். என் முக்கோணத்தின் உச்சியில் சிவப்புச் சாக்பீஸ் வைத்த இடத்தில், இது.

பனியைச் சுற்றி நடந்து வடக்கு விளிம்புக்குப் போனோம். நடுச் சகோதரியும் வடக்குச் சகோதரியும் கைநீட்டினால் தொடலாம் போல. அவர்களுக்கும் அப்பால் ஜெஃபர்சன், ஹூட் என்று வெள்ளை முனைகள் ஒரே வரிசையில். வடகிழக்கே செங்குத்தாய்க் கீழே கார்வர் ஏரி. பனியாறு பின்வாங்கிய பின் மொரைன் கரைக்குள் பிறந்த ஏரி அது. அந்தக் கரை உடைந்தால் வெள்ளம் சிஸ்டர்ஸ் ஊர்வரை போகக்கூடும் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 1987இல் அறிக்கை தந்தது. நாங்கள் இரவு தூங்கிய ஊர். பக்கத்து மலையில் இது நடந்தும் இருக்கிறது. 1966 அக்டோபரில் ப்ரோக்கன் டாப்பில் இப்படி ஒரு மண்கரை உடைந்து, வண்டலும் கல்லும் ஸ்பார்க்ஸ் ஏரிவரை இறங்கின. பனி போவது அமைதியாக நடக்கிற காரியமென்று நினைத்திருந்தேன்.

லூயிஸ் என்று ஒரு பனியாறு இருந்தால் கிளார்க் என்று ஒன்று இருக்க வேண்டுமே? அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வழிகண்ட இணைபிரியாத இருவர் அவர்கள். இருந்தது. இதே மலையின் தென்சரிவில், லூயிஸுக்குப் பக்கத்திலேயே. பனி தன் எடையால் நகர வேண்டும், நகர்ந்தால்தான் அது பனியாறு. நகர்வது நின்றால் வெறும் பனித்திட்டு. கிளார்க் நின்றுவிட்டது. 2020 அக்டோபரில் மாநிலத் தலைநகர் சேலத்தில், சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால், அதற்கு இறுதிச்சடங்கு நடத்தினார்கள். பனியாறுகளை ஆராய்கிறவர்கள் அதன் உருகிய நீரைக் கொண்டுவந்து வைத்து அஞ்சலி சொன்னார்கள். இறங்கும்போது அந்த இடத்தை மகள் காட்டினாள். அழுக்கேறிய வெள்ளைத் திட்டு. அதன் விளிம்பிலிருந்து நூலாக ஒரு நீர் கசிந்து கற்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் காலணியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். துக்க வீட்டு வாசலில் நாம் செய்கிறது அதுதானே.

இறக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூசி, வெயில், முழங்கால். காரை எட்டியபோது இருட்டிவிட்டது.

மறுநாள் ஓய்வு. அதற்கடுத்த நாள் காட்டுப் பகுதிக்கு வெளியே, வடமேற்கில் இருக்கும் க்ளியர் ஏரிக்குப் போனோம். மெக்கென்ஸி ஆறு பிறக்கிற இடம். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு வந்து ஆற்றை அடைத்ததால் தேங்கிய ஏரி. மோட்டார் படகு கூடாது. துடுப்புப் படகு எடுத்தோம்.

நடுவில் போய்க் குனிந்து பார்த்தால் படகு காற்றில் தொங்குகிறது. அத்தனை தெளிவு. அடியில் மரங்கள் நிற்கின்றன. ஏரி நிறைந்தபோது மூழ்கிய காடு, 3,000 ஆண்டுகளாக அழுகாமல் நின்றபடி நிற்கிறது. குளிர்தான் காரணம். கரையோர ஊற்றுகளில் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 4 டிகிரியில் நீர் சுரக்கிறது.

அந்த நீர்தான் கணவாயில் நாங்கள் தேடிக் காணாத ஓடைகள். இந்த மலைமுகட்டில் விழும் பனியை இளம்பாறை உறிஞ்சிக்கொள்கிறது. பிளவும் துளையுமாக அடியிலேயே நடந்து, சில ஆண்டுகள் கழித்து இப்படி எங்காவது வெளியே வருகிறது. சில ஊற்றுகளில் அந்தப் பயணம் பத்தாண்டைத் தாண்டும் என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். பழைய பாறை மலைகளில் பிறக்கும் ஆறுகள் கோடையில் மெலிந்துபோகும். மெக்கென்ஸி மெலிவதில்லை. யூஜீன் நகரம் இதைத்தான் குடிக்கிறது. எரித்துச் சாம்பலாக்கியதாக நாம் நினைக்கிற குழம்புதான் இங்கே கண்மாய். ஆனால் மேலே பனி விழுந்தால்தான் கண்மாய்க்கு வரத்து.

அங்கே ஒரு பெரிய ஊற்று இருக்கிறது. நீலக் கண்ணாடிபோல ஒரு குட்டை, சத்தமே இல்லாமல் ஏரிக்குள் வழிகிறது. படகைக் கரையில் ஒதுக்கிவிட்டு அதன் விளிம்பில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன்.

"இது எப்ப விழுந்த பனியா இருக்கும்?"

மகள் விரல்விட்டு எண்ணினாள். "நான் காலேஜ் சேர்ந்த வருஷமா இருக்கலாம் சித்தி. நீங்க ஏர்போர்ட்டுக்கு முறுக்கு டப்பாவோட வந்தீங்களே, அந்தக் குளிர்காலம்."

விரல் நுனிகள் மரத்துக்கொண்டு வந்தன. "போதும், எடுங்க" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.